காலி ஆணி

இந்த ஊரில் முதலில் வந்தது குழி. குழிக்கு ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்கு வீடுகள் வந்தன, வீடுகளுக்கு நடுவே மிச்சமிருந்த இடம் தெருவாயிற்று. தெருக்களுக்கு யோசித்துப் பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. காலையில் நிலக்கரி வெட்டப் போனவர்கள் இருந்தது முதல் ஷிப்ட் தெரு. மதியம் போனவர்கள் இருந்தது இரண்டாம் ஷிப்ட் தெரு. மூன்றாம் ஷிப்ட் தெருவில் பகலெல்லாம் ஆண்கள் தூங்குவார்கள் என்பதால் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். சுரங்கம் நின்று வருடங்கள் ஆகியும் அந்தத் தெருப் பெண்கள் இன்னும் கிசுகிசுத்துத்தான் சண்டை போடுகிறார்கள்.

நிலக்கரி தீர்ந்துபோகவில்லை, தீப்பிடித்துவிட்டது. கம்பெனி கொஞ்ச நாள் தண்ணீர் விட்டுப் பார்த்தது. பிறகு ஒரு பிரிவுபசார விழா நடத்தி, பேண்டு வாத்தியம் வாசித்து, போய்விட்டது. நெருப்பு போகவில்லை. ஊருக்கு அடியில் அது பாட்டுக்குத் தின்றுகொண்டே நகர்ந்தது. அதனால் அரசாங்கம் சுரங்க மூடல் வாரியம் என்று ஒன்றை அமைத்தது. குழியின் வாயை அடைப்பது, மக்களை மேட்டுக் குடியிருப்புக்கு மாற்றுவது என்று வாரியத்துக்கு இரண்டே வேலை. அதற்காகக் கட்டப்பட்ட அலுவலகம்தான் இன்று ஊரிலேயே பெரிய கட்டடம். ஊர் இறங்க இறங்க அதில் மாடி ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் ஷிப்ட் தெருவின் முறை வந்தபோது முட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். சுரங்கத்தின் கூரை ஆட்கள் தலையில் விழாமல் மரத்தூண்களை நிறுத்தி முட்டுக் கொடுத்தது அவருடைய வேலையாக இருந்தது. இப்போது அதையே வீட்டில் செய்துகொண்டிருந்தார். சமையலறை நிலைக்கு ஒன்று, படுக்கையறை உத்தரத்துக்கு ஒன்று. சமையலறைத் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆரம்பத்தில் தெருப் பூனைகள் எல்லாம் அங்கே வந்து படுத்தன. பிறகு பூனைகளுக்கே சூடு தாங்கவில்லை. அவருடைய மனைவிக்கு மூச்சு இழுப்பு. ஆஸ்பத்திரியில் எத்தனையோ மருந்து எழுதிப் பார்த்த டாக்டர் கடைசியாகச் சீட்டில் எழுதியது, 'நல்ல காற்று'. அது மேட்டுக் குடியிருப்பில்தான் இருந்தது.

மூடல் அதிகாரி மரியாதையான மனிதர். எழுந்து நின்று கைகூப்பிவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு வீடு ஒதுக்க முடியாதுங்களே."

"ஏன் சார்?"

"நீங்க கீழ இருக்கீங்க."

முட்டுக்காரர் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். "இல்ல சார். இங்கதான் இருக்கேன்."

"அது நீங்க சொல்றது. ஆணி அப்படிச் சொல்லலையே."

ஆணி என்றதும் முட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

குழிவாயில் விளக்கறை என்று ஒன்று உண்டு. தலைவிளக்கு கொடுத்து வாங்குகிற இடம். அதன் சுவரில் ஒரு பலகை, பலகை முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். இறங்குகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவான், ஏறியதும் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொடமாட்டான். தொட்டால் கைகலப்பே நடக்கும். ஒரு காலத்தில், கீழே ஆட்கள் இருக்கும்போதே கம்பெனி ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஒரே ஒரு ஆணி காலியாக இருந்தாலும் குழியை மூடக் கூடாது என்ற விதியை அப்போதுதான் கம்பெனியிடமிருந்து பிடுங்கினார்கள். அது நல்ல விதி. அதற்காகக் கொடி பிடித்தவர்களில் முட்டுக்காரரும் ஒருவர்.

பிரிவுபசார நாளில் அவர்தான் கடைசியாக மேலே வந்தார். டோக்கனை மாட்டப் போனால் விளக்கறை ஜன்னல் பூட்டியிருந்தது. விளக்கறைக்காரரை மாலை தூக்கி நிற்க மேடைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சரி, நாளைக்குக் கொடுக்கலாம் என்று பாக்கெட்டில் போட்டார். குழிக்குத்தான் அந்த நாளை வரவில்லை.

"சார், அது வீட்டுல பத்திரமா இருக்கு. இதோ கொண்டாறேன்," என்று ஓடினார்.

டோக்கன் பீரோவின் காலுக்கு அடியில் இருந்தது. தரை சரியத் தொடங்கியதும் பீரோ ஆடாமல் இருக்க மனைவிதான் அதைச் சொருகியிருந்தாள். அவர் உருவியதும் பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டது.

"எதுக்குங்க அத எடுக்கறீங்க?"

"நான் கீழ இருக்கேனாம்."

அவள் சேலைகளைப் பொறுக்கி உள்ளே தள்ளிக்கொண்டே, "அப்ப வரும்போது கீழ நெருப்பு எங்க வந்திருக்குன்னு பாத்துட்டு வாங்க," என்றாள். பாதிச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

விளக்கறைக்காரர் முட்டுக்காரரோடு வருடக்கணக்காகச் சீட்டாடியவர். டோக்கனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"இந்தப் பக்கமா வந்து குடுக்கறியே."

விளக்கறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஊரைப் பார்த்தது இறங்குகிறவர்களுக்கு. குழியைப் பார்த்தது ஏறுகிறவர்களுக்கு. ஏறுகிற ஜன்னலுக்கு, ஆட்கள் ஏறி இறங்குகிற கூண்டிலிருந்துதான் வழி, சுற்றிலும் கம்பிவலை.

"டேய், நான்தான்டா."

"நீதான்னு எனக்குத் தெரியாதா? நேத்துகூட என்கிட்ட தோத்தவன்தானே நீ. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? இறங்கற ஜன்னல்ல டோக்கன் குடுக்கத்தான் முடியும், வாங்க முடியாது. வாங்கினா என் வேலை போச்சு."

"நீ ரிட்டயர் ஆக வேண்டியவன்தானே?"

"குழி மூடினாத்தான் ரிட்டயர்."

மூடல் அதிகாரி டோக்கனைத் தொடாமல் குனிந்து பார்த்தார். மேலே இருக்கும் ஒருவரிடம் கீழே இருப்பவரின் டோக்கன் இருப்பது கவலைக்குரியது என்றார். "இதை நீங்க எங்க கண்டெடுத்தீங்க? அவருக்கு ஏதும் ஆகலையே?" என்று உண்மையான அக்கறையுடன் கேட்டார்.

வாரியத்தில் மீட்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மீட்க யாரும் இல்லாததால் அதன் ஊழியர்கள் நாள் முழுவதும் தலைக்கவசங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி வந்ததும் அங்கே நடமாட்டம் வந்தது. மீட்புத் தலைவர் அன்று மாலையே சங்கு ஊதச் சொன்னார். பழக்கதோஷத்தில் பாதி ஊர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டது.

கீழே இருப்பவருக்கு மூச்சுக் காற்று போக வேண்டும் என்று ஒரு ராட்சத கம்ப்ரசர் வந்தது. அதற்கு மின்சாரம் போதவில்லை என்று இரண்டாம் ஷிப்ட் தெருவின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அதனால் முட்டுக்காரர் வீட்டு மின்விசிறி ஓடவில்லை. அவருக்கு அனுப்பப்படும் காற்றின் சத்தம் மட்டும் பகலெல்லாம் வீட்டுக்குள் கேட்டது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"உங்களுக்குத்தான் அனுப்பறாங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்களேன்."

ஒலிபெருக்கியைக் குழிக்குள் இறக்கி, "நம்பிக்கையை இழக்காதீர்கள்" என்று சொன்னார்கள். ஊரிலிருந்த வெடிப்புகள் வழியாக அது எல்லா வீட்டுச் சமையலறையிலும் கேட்டது.

தினமும் மதியம் ஒரு சாப்பாட்டுத் தூக்கு, கூண்டை இழுக்கிற விஞ்சில் கட்டி இறக்கப்பட்டது. சாயங்காலம் அது காலியாக மேலே வந்தது. மீட்புத் தலைவர் காலித் தூக்கைப் புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். கீழே இருப்பவர் உயிரோடு இருக்கிறார், அவருக்குப் பசி நன்றாக எடுக்கிறது என்று அறிக்கை போனது.

விஞ்சை ஓட்டியது முட்டுக்காரரின் மச்சினன், மனைவியின் தம்பி. கொஞ்ச நாளாக அவனுக்குத் தொந்தி வைத்திருந்தது.

"மாப்ள, அந்தச் சோத்தத் தின்னது யாரு?"

மச்சினன் இரும்புச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே பார்வையைத் திருப்பிக்கொண்டான். "கீழ போனா எலி திங்கும். எலி திங்கறதுக்கு மனுஷன் திங்கலாமே மாமா."

"அப்ப நான் உயிரோட இருக்கேன்னு ரிப்போர்ட் போறது உன்னாலதான்."

"அதுல என்ன தப்பு? நீங்க உயிரோடதானே இருக்கீங்க?" அவன் குரலைத் தணித்தான். "மாமா, குழி மூடினா விஞ்ச் போயிரும். விஞ்ச் போனா நான் எங்க போவேன்? எனக்கு வேற என்ன தெரியும், ஏத்தறதும் இறக்கறதும்தானே. கொஞ்ச நாள் கீழயே இருங்களேன். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"உங்கக்காவுக்கு மூச்சு விட முடியல."

மச்சினன் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தான். பிறகு வேறு ஏதாவது பேசியாக வேண்டும் என்பதுபோல, "சாப்பாட்டுல உப்பே இல்ல. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போடுவாங்க," என்றான்.

வாரந்தோறும் குழிவாயில் நம்பிக்கைக் கூட்டம் நடந்தது. மேடையில் 'காத்திருக்கும் மனைவி' என்று அட்டை ஒட்டிய நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். முட்டுக்காரர் மேடையேறப் போனபோது தடுத்தார்கள். கீழே இருப்பவர் மேடையில் இருப்பது கூட்டத்தின் உணர்ச்சியைக் கெடுத்துவிடும் என்றார்கள். அவர் பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்தார். தன்னைப் புகழ்ந்தபோது, பக்கத்திலிருப்பவர்கள் தட்டினார்களே என்று தானும் கை தட்டினார்.

மீட்புத் தலைவர் உருக்கமாகப் பேசினார். "மீட்பு என்பது ஒரு முயற்சி. மீட்டு முடித்துவிட்டால் முயற்சி எங்கே இருக்கிறது? எங்கள் முயற்சியை யாரும் முடித்துவிட முடியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

மூடல் அதிகாரி இன்னும் உருக்கமாகப் பேசினார். "அவரை நாங்கள் கைவிடமாட்டோம். அவர் கீழே இருக்கும் வரை நம் அலுவலகத்தில் விளக்கு எரியும், நம் வண்டிகளுக்கு டீசல் வரும், நம் பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிப்பார்கள். அவர் மட்டும் அவசரப்பட்டு மேலே வந்திருந்தால் நம்முடைய மூன்றாவது மாடி ஏது? கடைசி டோக்கன் ஆணியில் ஏறும் நொடியிலேயே வாரியம் கலைந்துவிடும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நொடிக்காகத்தான் நாம் அனைவரும் உழைக்கிறோம்."

இந்த இடத்தில் மட்டும் ஊழியர்கள் யாரும் கை தட்டவில்லை.

இதற்குள் தெருவில் மற்றவர்கள் எல்லோரும் மேட்டுக்குப் போய்விட்டார்கள். காலியான வீடுகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பிளவு தொடங்கி இவர்கள் வாசல்படி வரை வந்தது. அதிலிருந்து புகை வந்தது. முட்டுக்காரர் இன்னும் நான்கைந்து மரங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டுக்குள் நடக்கவேண்டுமென்றால் தூண்களுக்கு இடையே உடம்பை ஒருக்களித்துப் போகவேண்டியிருந்தது. மனைவி வாசலில், ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தாள். பேசினால் மூச்சு வாங்கும் என்று கையை ஆட்டியே பேசினாள். அவளுக்குப் பேச்சுத்தான் உயிர். ஷிப்ட் முடிந்து வருகிற கணவர் மூன்றாம் வீட்டைத் தாண்டும்போதே இவள் பேச்சு தொடங்கிவிடும்.

அடுத்த நம்பிக்கைக் கூட்டத்தில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து மைக்கைப் பிடித்தாள். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. காத்திருக்கும் மனைவிக்கு நிகழ்ச்சி நிரலில் பேச்சு இல்லை.

"என் புருஷன் அதோ உக்காந்திருக்காரு," என்றாள். நின்றாள். மூச்சு வாங்கினாள். "சலவைச் சட்டை. வழுக்கை. அவர ஏத்துங்க. இல்ல, இறக்கி ஏத்துங்க. எனக்கு எப்படின்னாலும் சரி. நான் மேட்டுக்குப் போகணும்."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மறுநாள் பத்திரிகையில் 'கணவனை மீட்கக் கோரி மனைவி உருக்கம்' என்று செய்தி வந்தது. வழுக்கையைப் பற்றி ஒன்றும் இல்லை. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று. கேள்வி வந்ததால் வாரியம் ஒரு மீட்பு நாளைக் குறித்தது.

"இறங்கி, ஏறி, ஏறுகிற ஜன்னலில் டோக்கனைக் கொடுங்கள். எல்லாம் முறைப்படி ஆகிவிடும்," என்றார் மூடல் அதிகாரி.

"வீடு?"

"ஒதுக்கீட்டு ஆணையைக் கையிலேயே வைத்திருப்பேன். நீங்கள் மேலே வந்ததும் கையெழுத்து."

மீட்பு நாளில் பந்தல் போட்டிருந்தார்கள். மூன்று மாடி ஜன்னல்களிலும் ஊழியர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி குழிவாய்க்கு அருகில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சாவி, இரண்டு பை, மருந்துச் சீட்டு எல்லாம் மடியில் இருந்தன. அங்கிருந்தே மேட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பி வந்திருந்தாள். வீட்டின் கூரை அங்கிருந்து தெரியும். தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்தபோது அவள் ஒரு நீல பிளாஸ்டிக் தாம்பாளத்தைக் கவிழ்த்துக் கல் வைத்திருந்தாள். வேலை நாட்களில் கூண்டைவிட்டு வெளியே வந்ததும் முட்டுக்காரரின் கண் முதலில் தேடியது அந்த நீலத்தைத்தான்.

மீட்புக் குழு புதுத் தலைக்கவசங்களுடன் அணிவகுத்து நின்றது. கீழே நெருப்பு இருப்பதால் மீட்புக் குழு இறங்க விதியில் இடமில்லை. எனவே முட்டுக்காரர் தனியாகவே கூண்டில் ஏறினார்.

"மணி ஞாபகம் இருக்கா மாமா?" என்றான் மச்சினன். "ஒண்ணு அடிச்சா நிறுத்தணும். ரெண்டுன்னா இறக்கணும். மூணுன்னா ஆள் ஏறுது."

"எனக்கே சொல்லித் தர்றியாடா?"

கூண்டு இறங்கியது. கீழே காற்று கனமாகவும் இனிப்பாகவும் இருந்தது. அந்த இனிப்பு கெட்ட காற்றின் அடையாளம் என்று அவருக்குத் தெரியும். தூரத்தில் எங்கோ சிவப்பாக ஒரு வெளிச்சம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. அவர் நிறுத்திய தூண்கள் சில இன்னும் நின்றன. பழக்கத்தில் ஒன்றைக் கையால் தட்டிப் பார்த்தார். சூடாக இருந்தது. கம்ப்ரசரின் குழாய் அவர் தலைக்கு மேல் எங்கோ மடங்கி, மேலே பார்த்தே காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி, "நம்பிக்கையை இழக்காதீர்கள்" என்றது. அவர் மணிக் கயிற்றைப் பிடித்து மூன்று முறை இழுத்தார்.

மேலே வந்தவர் கம்பிவலைப் பாதையில் நடந்து ஏறுகிற ஜன்னலுக்குப் போனார். விளக்கறைக்காரர் டோக்கனை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, ஆணியில் மாட்டினார். பலகையில் இப்போது காலி ஆணி இல்லை. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "ஏறிட்டடா," என்றார்.

யாரும் கை தட்டவில்லை. மூன்றாவது மாடியில் யாரோ ஒருவர் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு இரண்டாவது மாடியில். பிறகு கம்ப்ரசர் நின்றது. ஊருக்கே காது அடைத்ததுபோல் இருந்தது.

முட்டுக்காரர் மனைவியின் பைகளை எடுத்துக்கொண்டு மூடல் அதிகாரியிடம் போனார். அதிகாரியின் கையில் ஆணை இருந்தது. பேனாவும் இருந்தது. அவர் பேனாவை மெதுவாக மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"வாழ்த்துகள்," என்றார்.

"கையெழுத்து சார்."

"எப்படிங்க போடறது? டோக்கன் ஏறிடுச்சே. வாரியம் கலைஞ்சு போச்சு. இப்ப நான் சாதாரண ஆளு. நீங்க எப்படியோ அப்படித்தான் நானும்." அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "நானும் எங்க போறதுன்னு தெரியாம நிக்கறேன்."

"சார், ஒரு நிமிஷம் முன்னாடி போட்டிருக்கலாமே?"

"ஒரு நிமிஷம் முன்னாடி நீங்க கீழ இருந்தீங்களே."

முட்டுக்காரர் திரும்பினார். மீட்புத் தலைவரைப் பார்த்தார். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெஞ்சிலிருந்து மனைவி கேட்டாள்: "கலைஞ்சு போச்சா?"

"போச்சும்மா," என்றார் அதிகாரி.

"ஆணி காலியா இருந்தா?"

"இருந்தா வாரியம் இருக்கும். எல்லா அதிகாரமும் இருக்கும். சட்டம் அதுல தெளிவா இருக்கு."

அவள் எழுந்தாள். பைகளைக் கணவனிடமே விட்டுவிட்டு, இறங்குகிற ஜன்னலுக்குப் போய்க் கையை உள்ளே விட்டாள். விளக்கறைக்காரர், "ஐயோ, அடுத்தவன் டோக்கன், தொடக் கூடாது தங்கச்சி," என்று பதறுவதற்குள் டோக்கன் அவள் கையில் இருந்தது. ஆணி ஆடிக்கொண்டிருந்தது.

"இது ஒண்ணும் அடுத்தவன் டோக்கன் இல்ல. எங்க வீட்டு பீரோவுக்கு அடியில கெடந்தது," என்று சொல்லிவிட்டு அவள் கூண்டில் ஏறினாள்.

"அக்கா, வேணாம்!" மச்சினன் விஞ்சை விட்டுவிட்டு எழுந்தான். "கீழ கெட்ட காத்துக்கா. உன்னால முடியாது."

"இறக்கறியா, குதிக்கட்டுமா?"

முட்டுக்காரர் ஓடிவந்து கூண்டின் கம்பியைப் பிடித்தார். அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீங்க போய் அவர்கிட்ட நில்லுங்க. கையெழுத்து போடற வரைக்கும் நகராதீங்க. உங்களத் தெரியும், யாராவது கூப்பிட்டா போயிருவீங்க." மூச்சு வாங்கினாள். "நல்லாப் பாருங்க, சீல் வைக்காம குடுத்திருவாங்க."

அவள் மணிக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். கூண்டு இறங்கியது.

கம்ப்ரசர் உறுமியது. மாடிகளில் மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. மீட்புத் தலைவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சங்கு ஊதச் சொல்லிக் கையைத் தூக்கினார். மூடல் அதிகாரியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பேனாவைத் திறந்து, மேஜை கொண்டுவரச் சொல்லி, நாற்காலி கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்தார். அவருடைய கையெழுத்து மிக அழகானது. அவர் அவசரப்படவில்லை.

"குடும்பத்தில் மேலே எத்தனை பேர்?"

"நான் சார். சீக்கிரம் போடுங்க சார்."

"ஒருவர்." எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார். "ஒருவருக்கு வீடு கிடையாதே. விடுதியில் ஒரு கட்டில்தான் உண்டு. வீடு வேண்டுமானால் உங்கள் மனைவியும் மேலே இருக்க வேண்டும்."

"அவ மேல வந்தா உங்களுக்கு அதிகாரம் இல்லையே!"

"ஆமாம்," என்றார் அதிகாரி, நல்ல மாணவனைப் பார்ப்பதுபோல. "அதுதான் சிக்கல். இதை நாம் ஆராய வேண்டும். ஒரு பிரிவே தேவைப்படலாம்."

குழியிலிருந்து மணி அடித்தது. ஒன்று. கொஞ்சம் விட்டு, இன்னொன்று. மச்சினன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான். மூன்றாவது வரவில்லை.

"கேட்டீர்களா? உயிரோடு இருக்கிறார்," என்றார் மீட்புத் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் கை தட்டியது.

"ஏத்துடா!" என்று கத்தினார் முட்டுக்காரர்.

"ரெண்டுன்னா இறக்கறது மாமா. மூணு வரலையே—"

"ஏத்துடா நாயே, உங்கக்காடா!"

மச்சினன் இழுத்தான். அவன் வாழ்க்கையிலேயே விஞ்சை அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. கூண்டின் கூரை தெரிந்தது. பிறகு அவள் தலை. அவள் கம்பியில் சாய்ந்து, கண்ணை மூடி, டோக்கனை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். தலை தரைக்கு மேலே வந்ததும் வெளிக்காற்றை ஒரு முறை இழுத்து, கையை உயர்த்தினாள்.

"நிறுத்து."

கூண்டு நின்றது. அவள் தலையும் தோளும் தரைக்கு மேலே இருந்தன. மற்றதெல்லாம் கீழே.

"இங்க இருந்தா போதும்," என்றாள். "இப்ப எழுதச் சொல்லுங்க. மூச்சும் விடலாம், கீழயும் இருக்கேன்."

மூடல் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தார். இப்படி ஒரு நிலையை விதி எதிர்பார்க்கவில்லை என்றார். எந்த உறுப்பு எங்கே இருந்தால் ஆள் அங்கே இருப்பதாகக் கொள்வது என்று மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். அதுவரை கூண்டை ஒரு விரற்கடைகூட ஏற்றவோ இறக்கவோ கூடாது, அது சாட்சியம் என்றார். நான்காவது மாடிக்கான வரைபடம் ஏற்கெனவே தயாராக இருப்பதாக மீட்புத் தலைவர் அவருக்கு நினைவூட்டினார். இருவரும் பேசிக்கொண்டே அலுவலகத்துக்குள் போனார்கள். கூட்டம் கலைந்தது.

மச்சினன் பிரேக்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றான். அந்த விஞ்ச் பழையது. கையை எடுத்தால் கூண்டு நிற்காது.

"மாமா, கை நடுங்குது."

"பிடிச்சுக்கடா. நானும் வர்றேன், மாத்திப் பிடிக்கலாம். கொஞ்சம் பொறு."

முட்டுக்காரர் குழியின் விளிம்பில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கம்பிக்கு இடையே கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.

"பேசாம மேல வந்துரு."

"வந்தா வீடு போயிரும்."

அப்போதுதான் தரை அதிர்ந்தது. பெரிய சத்தமில்லை. ஒருவர் நீண்ட நேரம் அடக்கி வைத்த மூச்சை விட்டதுபோல ஒரு சத்தம். முட்டுக்காரர் தலையைத் தூக்கி இரண்டாம் ஷிப்ட் தெருவைப் பார்த்தார். தெருவின் நடுவிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகப் புழுதி எழுந்து, நின்று, மெல்லப் படியத் தொடங்கியது.

அவள் தலை அவர் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அங்கிருந்து பந்தலின் கால்கள்தான் தெரியும்.

"என்னங்க சத்தம்?"

"குழிக்குள்ளதான். எப்பவும் வர்றது."

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கதவப் பூட்டினேனான்னு சந்தேகமா இருக்கு. அங்கிருந்து வீடு தெரியுதா?"

அவர் புழுதி முழுவதும் படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நீல மூடியைத் தேடினார்.

"தெரியுது," என்றார்.